அஞ்சாம் நம்பர் கம்பி

உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூல் ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. ராஜபாளையத்துல இருந்து கோவில்பட்டி வரைக்கும் இந்த வெயில்ல வந்திருக்கீக, முதல்ல தண்ணி குடிங்க. காப்பி கேட்டா கிடைக்காது. வீட்டுல நான் ஒத்த ஆளுதான்.

நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குப் பிடிபட்டுப் போச்சு. மில்லுல நூல் டெஸ்ட் பண்ணுத மெஷினு. அதுக்குன்னு ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுக்குள்ள ஒரு கார்டு. இப்போ இன்னொரு கார்டு சொருகினீக, ரெண்டும் மோதுது, திரை நட்டுவச்ச மாதிரி நின்னு போகுது. அதான? ஒண்ணை உருவிட்டா ஓடுதுன்னு சொன்னீக. ஓடும். ஓடாம என்ன செய்யும். ஆனா அது ஒரு ஓட்டமா அண்ணாச்சி? ரெண்டு கார்டு போட இடம் வச்சிருக்கான்னா ரெண்டும் ஓடணும். ஒண்ணை உருவிப் போட்டுட்டு 'சரியாயிருச்சு'ன்னு சொல்லுதவன் மெக்கானிக் இல்ல.

ஆனா நான் இப்போ இந்த வேலை பாக்குறதில்ல. அதைப் போன்லயே சொல்லியிருக்கணும், சொல்ல வாய் வரல. ஆள் குரல் கேட்டு நாளாச்சு, அதான் வாங்கன்னுட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க.

ஏன் பாக்குறதில்லன்னு கேக்குதீக. சொல்லுதேன். உங்க பஸ்ஸு நாலு மணிக்குத்தான.

இந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்கு பாத்தீகளா, அதுக்குள்ள ஒரு பெரிய சிப்பு. எல்லா வேலையும் அதுதான் செய்யும். ஒவ்வொரு கார்டும் தனக்கு வேலை வந்தா அதைக் கூப்பிடணும். கூப்பிட ஒரு கம்பி வேணும். ஐஆர்க்யூம்பாக. நான் கம்பின்னுதான் சொல்லுவேன். மொத்தம் பதினாறு கம்பி. கீபோர்டுக்கு ஒண்ணு, மவுஸுக்கு ஒண்ணு, பிளாப்பிக்கு ஒண்ணுன்னு பாதிக்குமேல ஏற்கெனவே ஆள் இருக்கும். புதுசா வாரவன் காலியா இருக்குத கம்பியத்தான் பிடிக்கணும். ரெண்டு கார்டு ஒரே கம்பியப் பிடிச்சு இழுத்தா, கூப்பிட்டது யாருன்னு சிப்புக்குத் தெரியாது. அப்படியே முழிச்சுக்கிட்டு நின்னுரும்.

எது எந்தக் கம்பின்னு மாத்த கார்டு மேல ஜம்பர்னு ஒண்ணு இருக்கும். மிளகு மாதிரி ஒரு கருப்பு மூடி. அதைப் பிடுங்கி அடுத்த முள்ளுல வைக்கணும். அம்புட்டுத்தான் வேலை. ஆனா அதுக்கு ஒரு மண்டை வேணும் அண்ணாச்சி. தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழுல இந்தப் பக்கம் அந்த மண்டை எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. சாத்தூர், சங்கரன்கோவில், எட்டயபுரம், எங்கிட்டு இருந்தும் பெட்டியத் தூக்கிட்டு வருவாக. தீப்பெட்டி ஆபீஸ்காரக, ஆப்செட் பிரஸ்காரக, பேங்குக்காரக. 'சங்கரவேல்கிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல ஆயிரும்'. அப்படி ஒரு பேரு. ஒரு கேஸுலயும் நான் தோத்துப் போனது கிடையாது. ஒண்ணே ஒண்ணைத் தவிர.

என் மக பேரு அனுசுயா. ஒத்தப் பிள்ளை. அப்போ நாங்க இருந்த வீட்டுக்கு ஒட்டினாப்ல ஒரு தீப்பெட்டி ஆபீஸ். காலையில எட்டு மணிக்குச் சங்கு ஊதுவான். தெருவுல உள்ள கைப்பிள்ளைக எல்லாம் ஒண்ணுபோல வீல்னு கத்தும். இவ மட்டும் தூங்குவா. 'நம்ம பிள்ளை எம்புட்டுத் தங்கமா இருக்கு பாரு'ன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டு அலைஞ்சேன். ஒண்ணரை வயசுல ராஜகனிதான் கண்டுபிடிச்சா. ராஜகனின்னா என் வீட்டுக்காரி. பிள்ளைக்குப் பின்னால நின்னு தாம்பாளத்தைக் கீழ போட்டுப் பாத்திருக்கா. திரும்பல. மூணு தடவை போட்டிருக்கா. நான் கடையில இருந்து சாப்பிட வந்தா, தாம்பாளத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம், டெஸ்ட் எடுத்தோம். காதுல மெஷின் வச்சாலும் கொஞ்சம்போலத்தான் கேக்கும்னுட்டாக. அஞ்சு வயசுல காது கேக்காத பிள்ளைக பள்ளிக்கூடத்துல சேத்தோம். சின்னப் பள்ளிக்கூடம்தான். பன்னெண்டு பிள்ளைக, ரெண்டு டீச்சர். எஸ்தர் டீச்சர்னு ஒரு அம்மா. கட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு, எப்பவும் ஒரு வெள்ளைக் குடையோட இருப்பாக. நல்ல மனுஷி. குறை சொல்லல. ஆனா அவுக கையால பேசுதது எனக்குப் பிடிக்கல.

ஆமா, கைபாஷை. விரலை மடக்கி, நெஞ்சைத் தொட்டு, நெத்தியத் தொட்டு. பிள்ளைக அதைத்தான் சட்டுன்னு பிடிச்சுக்கிடும். என் பிள்ளையும் பிடிச்சுக்கிட்டா. சொந்தத்துல ஒரு கல்யாணம், பந்தியில உக்காந்து அவங்கம்மாகிட்ட கையை ஆட்டி என்னமோ கேக்குதா. எதிர்ப் பந்தியில இருந்த பொம்பளைக எல்லாம் சாப்பிடுததை நிறுத்திட்டுப் பாக்குதாக. நான் பிள்ளை கையப் பிடிச்சு இலைமேல வச்சுட்டேன். மெதுவாத்தான் பிடிச்சேன். 'என் பிள்ளை பேசும். வாயால பேசும்'னு ராஜகனிகிட்டச் சொன்னேன்.

எஸ்தர் டீச்சரும் பேச வைக்க முடியாதுன்னு சொல்லல பாத்துக்கிடுங்க. 'சில பிள்ளைகளுக்கு வரும். எட்டு ஒம்பது வயசுக்குள்ள பழகணும். அதுக்கு மேல தொண்டை அடம்பிடிக்கும்'னாக.

அனுவுக்கு ஏழு வயசு நடக்கையில அந்தப் பெட்டி வந்துச்சு. வெளிநாட்டுல யாரோ புண்ணியவான் பள்ளிக்கூடத்துக்குத் தானமா அனுப்பியிருக்கான். ஒரு கம்ப்யூட்டர். கூட ஒரு கார்டு, பேச்சுக் கார்டு. மைக்குல பிள்ளை சத்தம் குடுத்தா திரையில படம் வரும். ஒரு பலூன் இருக்கும். சத்தம் சரியா வந்தா பலூன் மேல ஏறும், தப்பா வந்தா தரையிலயே கிடக்கும். காது கேக்காத பிள்ளை தன் சத்தத்தைக் கண்ணால பாக்கும். நினைச்சுப் பாருங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்துல அதை மாட்டத் தெரிஞ்ச ஆள் கிடையாது. 'உங்க பிள்ளைக்கும் ஆகும்லா, நீங்களே வந்து மாட்டிக் குடுங்க'ன்னு டீச்சர் கேட்டாக.

ஒரு மணி நேர வேலை. பேச்சுக் கார்டை அஞ்சாம் நம்பர் கம்பியில விட்டேன், சொகமா உக்காந்துக்கிடுச்சு. முதல் ஆளா அனுவை உக்கார வச்சாக. டீச்சர் அவ கையை எடுத்துத் தன் தொண்டையில வச்சு 'பா'ன்னாக. அப்புறம் அவ தொண்டையில அவ கையை வச்சாக. அவ ஒரு சத்தம் குடுத்தா. பலூன் இம்புட்டுப்போல எழும்புச்சு. அவ திரும்பி என்னப் பாத்தா. மறுபடி குடுத்தா. கூரை வரைக்கும் போச்சு.

பதினஞ்சு நாளு. தினமும் மத்தியானம் கடையப் பூட்டிட்டுப் போயி ஜன்னலுக்கு வெளிய நின்னு பாப்பேன். பா வந்துச்சு. மா வந்துச்சு. பதினாறாவது நாளோ பதினேழாவது நாளோ வீட்டுக்கு வந்து, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், முன்னால வந்து நின்னு தொண்டையில கைய வச்சுக்கிட்டு 'ஆப்பா'ன்னா. அப்பான்னு வரல, ஆப்பா. சோத்துல கைய வச்சபடி இருந்துட்டேன்.

இதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு.

அந்தப் பெட்டியோட வந்த அட்டைப்பெட்டியில இன்னொரு கார்டும் இருந்துச்சு அண்ணாச்சி. சவுண்டு கார்டு. யாரும் அதைப் பிரிக்கவே இல்ல. அதோட இருந்த புஸ்தகத்தை எடுத்துப் படிச்சேன். அதுல என்ன போட்டிருக்குன்னா, ரெண்டு கார்டும் இருந்தா டீச்சர் சத்தமும் ஒரு கோடா வரும், பிள்ளை சத்தமும் ஒரு கோடா வரும். ஒண்ணு மேல ஒண்ணு. டீச்சர் கோடு மாதிரியே பிள்ளை தன் கோட்டையும் கொண்டுவந்தா, அச்சு அசலாப் பேச்சு. 'ஆப்பா' இல்ல, 'அப்பா'. பலூன் என்ன பலூன், அது வெளாட்டு. நிசமான சாமான் அதுதான்.

நான் டீச்சர்கிட்டச் சொன்னேன். அவுக, 'இது போதுமே. பிள்ளைக இப்பத்தான் பழகுது. பிறகு பாத்துக்கிடலாம்'னாக. பாதி வேலை பாத்து எனக்குப் பழக்கம் இல்லன்னேன். பெட்டியக் கடைக்குத் தூக்கிட்டு வந்தேன். ரெண்டு நாளுன்னு சொல்லித்தான் தூக்கிட்டு வந்தேன்.

இப்போ கேளுங்க. பேச்சுக் கார்டு இருக்கே, அது குட்டைக் கார்டு. பழைய மாடல். அதால ஏழாம் நம்பருக்கு மேல உள்ள கம்பி எதையும் தொட முடியாது. ஏழுக்குள்ள மூணு, நாலு, ஆறு எல்லாத்துலயும் ஆள் இருக்கு. அஞ்சுதான் காலி. அதுல உக்காந்தாச்சு. இந்தச் சவுண்டு கார்டுக்கும் அஞ்சுதான் வேணும், இல்லன்னா ஏழு. ஏழுல பிரிண்டர் உக்காந்திருக்கு. சரின்னு பிரிண்டரை அமத்திட்டு சவுண்டு கார்டை ஏழுல வச்சேன். தனியா வச்சா பாடுது. பேச்சுக் கார்டையும் சேத்து வச்சா பத்து எண்ணுததுக்குள்ள திரை நின்னு போகுது.

ஏன்னு பாத்தா, கம்பிச் சண்டை தீந்தாலும் இன்னொரு சண்டை இருக்கு. சரக்கைக் கொண்டுபோக ஒரு பாதை. ரெண்டும் ஒண்ணாம் நம்பர் பாதையில போகுது. ஒண்ணை மூணுக்கு மாத்துனேன். மாத்தினா புரோகிராமு கார்டே இல்லங்குது. மறுபடி பழையபடிக்கு. மறுபடி புதுசுக்கு. ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சேன். இந்த முள்ளு இங்க, அந்த முள்ளு அங்க, நின்னுச்சு. இந்த முள்ளு அங்க, அந்த முள்ளு இங்க, நின்னுச்சு. நூத்திப் பதினாலு தடவை எழுதியிருக்கேன்.

ரெண்டு நாளு ரெண்டு மாசமாச்சு. வந்த வேலை எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டேன். பேங்குப் பெட்டி ஓரத்துல கிடக்கு, பிரஸ்காரர் வந்து வந்து பாத்துட்டுப் போறாரு. எனக்கு இது ஒண்ணுதான்.

பள்ளிக்கூடம் விட்டு அனு நேரா கடைக்கு வருவா. அந்தப் பெட்டி முன்னால ஏறி உக்காருவா. நான் கார்டெல்லாம் பிரிச்சுப் போட்டிருப்பேன், திரை கருப்பாக் கிடக்கும். அவ மைக்கைக் கையில எடுத்து, தொண்டையில கைய வச்சு, பா, பான்னு திரையப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருப்பா. ஒரு வயரும் சொருகாத மைக்கு அது. பலூன் வரும்னு பாக்குதா. எனக்குக் கவனம் சிதறும்லா? ஒரு முள்ளு தப்பா வச்சா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். போம்மா, வீட்டுக்குப் போன்னு அனுப்பிருவேன். ரெண்டு மூணு வாரம் வந்தா. அப்புறம் வாரதில்ல. வெளாட்டுப் பிள்ளை, அலுத்துப் போயிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ராஜகனி தூக்குச்சட்டியோட வந்தா. சோத்தை வச்சுட்டுப் போகாம நிக்குதா.

'டீச்சர் கேக்குதாக'ன்னா.

'என்ன கேக்குதாக?'

'பழையபடிக்கு ஒத்தக் கார்டையே போட்டுக் குடுத்துருங்க. பலூன் வந்தாப் போதுமாம். மத்த பிள்ளைகளும் கேக்குதாம்.'

'உனக்கு இதுல என்ன தெரியும்?'

'எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ பா, மா சொல்லுததை விட்டுட்டா. அது தெரியும்.'

'ரெண்டும் ஓடட்டும், ஒரே மாசத்துல முழுசாப் பேசுவா. அப்போ வந்து பேசு'ன்னேன்.

அவ தூக்குச்சட்டி மூடியத் தொறந்து வச்சுட்டுப் போயிட்டா. அந்தச் சனிக்கிழமையில இருந்து அவ பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பிச்சா. பெட்டி விஷயமா டீச்சர்கிட்டப் பேசத்தான் போறான்னு நினைச்சேன். அவ எஸ்தர் டீச்சர்கிட்டக் கைபாஷை படிக்கப் போயிருக்கா. எனக்குச் சொல்லல. சொன்னா நான் விடமாட்டேன்னு தெரியும்லா. ஒரு நாள் வீட்டுக்குள்ள நுழையுதேன், அடுப்படியில தாயும் மகளும் எதிர் எதிர உக்காந்து கையை ஆட்டிக்கிட்டு இருக்காக. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காக. என்னப் பாத்ததும் நிறுத்திட்டாக. என்னத்தைச் சிரிச்சீகன்னு கேட்டேன். 'சும்மா, புளிக்குழம்பைப் பத்தி'ன்னா. புளிக்குழம்புல சிரிக்க என்ன இருக்கு அண்ணாச்சி?

நீங்களும் கத்துக்கிட்டிருக்கலாமேன்னு கேக்குதீக. எல்லாரும் கேட்டாச்சு. கடை யாரு பாப்பா? அதுவும் போக, நானும் கைய ஆட்ட ஆரம்பிச்சா அவ எதுக்கு வாயத் தொறக்கணும்? வீட்டுல ஒருத்தராவது விட்டுக் குடுக்காம இருக்கணும்லா. அவளுக்காகத்தான் நான் கத்துக்கல.

தை மாசம் ஒரு நாளு. பதினோரு மணி இருக்கும். நூத்திப் பன்னெண்டாவது தடவை. அஞ்சுல பேச்சு, ஏழுல சவுண்டு, பாதையையும் பிரிச்சு வச்சு, புரோகிராமுல ஒரு வரிய மாத்தி ஆன் பண்ணுதேன். நிக்கல. மைக்குல 'அப்பா'ன்னு சொல்லுதேன், பச்சையா ஒரு கோடு. அடுத்த மைக்குல 'அப்பா'ன்னு சொல்லுதேன், சிவப்பா ஒரு கோடு. ஒண்ணு மேல ஒண்ணு. எட்டு மாசத்துக்கு அப்புறம். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. கடையத் தொறந்து போட்டது போட்டபடி சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வகுப்புல உக்காந்திருந்த பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். டீச்சர் என்னன்னு கேக்காக, பதில் சொல்ல நேரமில்ல.

கடைக்கு வந்து உக்கார வச்சேன். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நான் 'அப்பா'ன்னேன், பச்சைக் கோடு வந்துச்சு. மைக்கை அவகிட்டக் குடுத்தேன். அவ என்னப் பாத்தா, திரையப் பாத்தா. தொண்டையில கைய வச்சா. மாசக்கணக்கா வாயத் தொறக்காத பிள்ளை. சொன்னா. அடிக் குரல்ல இருந்து சொன்னா. நான் காதால கேட்டேன், அண்ணாச்சி. 'ஆப்பா'ன்னு.

கோடு வரல. திரை நின்னு போச்சு. என் பச்சைக் கோடு மட்டும் அப்படியே நிக்குது.

அவளுக்கு அது தெரியுமா? அவளுக்குக் கம்பி தெரியுமா, பாதை தெரியுமா? தன் சத்தம்தான் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டா. மறுபடி சொன்னா. இன்னும் சத்தமாச் சொன்னா. கழுத்து நரம்பெல்லாம் புடைக்கச் சொன்னா. எதிர்க் கடைக்காரன் எட்டிப் பாக்குதான். நான் அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருக்கேன், இரு, இருன்னு சொல்லிக்கிட்டே. சொன்னா அவளுக்குக் கேக்கவா போகுது. அஞ்சாறு தடவை சொல்லிப் பாத்தா. அப்புறம் தொண்டையில இருந்து கைய எடுத்துட்டா. மைக்கை மேசையில வச்சா. மெதுவா, உடைஞ்சிரக் கூடாதுன்னு வைக்கிற மாதிரி வச்சா. எறங்கி நடந்து போயிட்டா. வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான், பயமில்ல. அவ போனதே நான் கொஞ்சம் கழிச்சுத்தான் பாத்தேன்.

அதுக்கப்புறம் ஒரு சத்தம் அவ வாயில இருந்து வந்து நான் கேட்டதில்ல. அழுதாக்கூடச் சத்தமில்லாமத்தான் அழுவா.

நான் விட்டுறலாமா? அவ்வளவு பக்கத்துல வந்தாச்சு. பதினோரு நிமிஷமோ என்னமோ ஓடியிருக்கு. மறுபடியும் உக்காந்தேன். நூத்திப் பதிமூணு. நூத்திப் பதினாலுல, பேச்சுக் கார்டை உருவி ஒரு முள்ளை மாத்திச் சொருகுதேன், பொட்டுன்னு ஒரு சத்தம். கருகின வாடை. கார்டுல ஒரு சிப்பு நடுவுல வெடிச்சு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. சுவிட்சை அமத்திட்டுத்தான் சொருகினேன். எப்பவும் அமத்திட்டுத்தான் சொருகுவேன். அன்னைக்கு அமத்தினேனான்னு கேட்டா, அமத்தியிருப்பேன். இந்தப் பக்கம் அப்போல்லாம் கரண்டு ஒரு நிதானமா வராது. திடீர்னு கூடுதலா வந்து அடிச்சிருக்கும்.

எஸ்தர் டீச்சர் ஒரு வாரம் கழிச்சுப் பெட்டியக் கேட்டுக் கடைக்கே வந்துட்டாக. குடையை மடக்கி வாசல்ல சாத்தி வச்சுட்டு உள்ள வந்தாக. நான் கார்டைக் காட்டினேன். கையில வாங்கிப் பாத்தாக.

'சரி பண்ண முடியுமா சங்கரவேல்?'

'இது முடியாது டீச்சர். வேற கார்டு வாங்கணும். கம்பெனிக்கு எழுதிப் போடுதேன்.'

'எழுதுங்க'ன்னாக. கார்டை மேசையில வச்சுட்டு, 'அனு அம்மா நல்லாப் படிக்காக. வேகமாப் பிடிச்சுக்கிடுதாக. நீங்களும் ஒரு சனிக்கிழமை வாங்களேன்'னாக. பாக்கலாம் டீச்சர்னேன்.

எழுதினேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு பதில் வந்துச்சு. அந்தக் கார்டு செய்யுததை நிறுத்திட்டாகளாம். அதுக்குள்ள அவளுக்கு ஒம்பதும் நெருங்கிருச்சு. மத்த பதினோரு பிள்ளைகளும் கையாலயே படிச்சு வந்திருச்சுக. நல்லாத்தான் இருக்காக எல்லாரும், குறை ஒண்ணும் இல்ல. தூத்துக்குடியில ஒருத்தன் தச்சு வேலை பாக்கான். பாத்தா வணக்கம் வைப்பான். ஆனா அவன் வாயால ஒரு வார்த்தை பேசியிருப்பான்லா, அந்தக் கார்டு மட்டும் வெடிக்காம இருந்திருந்தா. நான் எம்புட்டுப் போராடினேன்னு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அப்புறம் வீட்டுல எப்படின்னா, அவ கையால சொல்லுவா, ராஜகனி எனக்கு வாயால சொல்லுவா. நான் சொல்லுததை ராஜகனி அவளுக்குக் கையால சொல்லுவா. இருவது வருஷம் அப்படித்தான். 'உங்க மக பரீட்சையில பாஸாயிட்டாளாம்.' 'உங்க மகளுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம்.' 'உங்க மகளுக்கு ஒரு பையனைப் பிடிச்சிருக்காம், அவனுக்கும் காது கேக்காதாம்.' நான் திட்டினாலும் ராஜகனி கை மெதுவாத்தான் அசையும். நான் ரெண்டு நிமிஷம் கத்துவேன், அவ ரெண்டே விரலை ஆட்டி முடிச்சிருவா. அந்தப் பக்கம் அனு பத்து நிமிஷம் கையை வீசுவா, முகமெல்லாம் சிவந்து போகும். ராஜகனி என் பக்கம் திரும்பி, 'அப்பா உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுதா'ம்பா. கைபாஷைக்கு ரொம்ப இடம் பிடிக்கும் போலன்னு நினைச்சுக்கிடுவேன்.

கல்யாணம் கோயம்புத்தூர்ல நடந்துச்சு. மாப்பிள்ளை அச்சாபீஸ்ல வேலை. தங்கமான பையன். மண்டபம் நிறையக் கை. முந்நூறு பேரு, ஒரு சத்தம் கிடையாது, மேளக்காரன் மட்டும் யாருக்கு வாசிக்கிறோம்னு தெரியாம வாசிக்கான். நான் சாப்பாட்டுக் கூடத்துலதான் இருந்தேன்.

போன கார்த்திகையில ராஜகனி போயிட்டா. ரெண்டு நாள் காய்ச்சல், மூணாவது நாள் மூச்சு வாங்குச்சு, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு.

அனு வந்தா. மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் வந்தாக. பேத்தி பேரு தன்ஷிகா, அஞ்சு வயசு. அதுக்குக் காது நல்லாக் கேக்கும். வாயும் பேசும், கையும் பேசும். கோயம்புத்தூர்ப் பேச்சு. பதினாறு நாளும் இருந்தாக. அந்தப் பதினாறு நாளும் வீட்டுல ஒரே கையாட்டம்தான். வந்த போன சனத்துக்கு அனு டம்ளர்ல காப்பி குடுப்பா, எனக்கும் குடுப்பா. நோட்டுல எழுதிக் காட்டுவா. 'மாத்திரை போட்டீங்களா.' 'போட்டேன்'னு எழுதுவேன். 'தூங்குங்க.' 'சரி.' அம்புட்டுத்தான்.

விசேஷம் முடிஞ்ச அன்னைக்கு ஆட்டோ வந்து வாசல்ல நிக்குது. பையெல்லாம் ஏத்தியாச்சு. மாப்பிள்ளை என் கையப் பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போய் உக்காந்துட்டாரு. அனு வாசப்படி வரைக்கும் போனவ திரும்பி வந்தா. இந்தா, இங்கனதான், நீங்க உக்காந்திருக்க இடத்துல நான் உக்காந்திருந்தேன். முன்னால வந்து நின்னு கையைத் தூக்கினா.

அஞ்சு நிமிஷம் இருக்கும் அண்ணாச்சி. நிறுத்தாமப் பேசினா. முதல்ல வேகமா, அப்புறம் மெதுவா. ஒரு இடத்துல அழுதா, கை நிக்கல. ஒரு இடத்துல சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அவளை நான் அவ்வளவு நேரம் பாத்ததே கிடையாது. எப்பவும் அவ கைய ஆட்டினா நான் ராஜகனி வாயைத்தான் பாப்பேன். அன்னைக்கும் என்னை அறியாம ரெண்டு தடவை அடுப்படிப் பக்கம் திரும்பிட்டேன். அவ அதைப் பாத்தா. அப்புறமும் பேசினா. நான் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். எதுக்கு ஆமான்னு ஆட்டுதேன், எதுக்கு இல்லன்னு ஆட்டுதேன், எனக்கே தெரியாது. அவ கை நின்னுச்சு. ஏதோ கேட்டிருக்கா போல. பதிலுக்கு நிக்குதா. நான் மறுபடியும் தலைய ஆட்டினேன்.

நோட்டை எடுத்து நீட்டினேன், எழுதித் தாம்மான்னு. அவ அதை வாங்கல.

பேத்தி அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. 'கண்ணு, அம்மா என்ன சொல்லுதா தாத்தாகிட்ட?'ன்னு கேட்டேன்.

பிள்ளை வாயத் தொறந்துச்சு. அனு அது தோள்ல கைய வச்சா. பிள்ளை அவளை அண்ணாந்து பாத்துச்சு. அவ விரலை ஒரே ஒரு தடவை அசைச்சா.

'ஒண்ணுமில்லையாமா தாத்தா'ன்னுச்சு.

ஆட்டோ கிளம்பிப் போயிருச்சு.